இருபத்தெட்டுக் கிலோ மூட்டை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருப்பதால் யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. எலெக்ட்ரிக் சாமான் கடைக்காரரிலிருந்து அடுக்குமாடி வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் மூட்டைதான். "மூட்டையைக் கூப்பிடு" என்று ஒரு வீட்டில் சத்தம் கேட்டால், அங்கே மேலிருந்து ஏதோ தொங்கப்போகிறது என்று அர்த்தம்.

எலெக்ட்ரீசியன்கள் பொதுவாக ஒரு பையோடு வருவார்கள். இவர் இரண்டு பையோடு வருவார். ஒன்றில் டெஸ்டர், டிரில்லிங் மெஷின், திருப்புளி. இன்னொன்று தடித்த கித்தான் மூட்டை. அதற்குள் சலித்த மணல் நிரப்பிய சின்னச் சின்னத் துணிப்பைகள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. எல்லாம் அவர் மனைவி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தவை. விளக்கு எத்தனை கிலோவோ அதைப்போல இரண்டு மடங்கு மணலை மூட்டையில் போட்டு, விளக்கு தொங்கவேண்டிய கொக்கியில் முதலில் மூட்டையைத் தொங்கவிடுவார். ஒரு பகல், ஒரு இரவு. மறுநாள் கொக்கி இருந்த இடத்திலேயே இருந்தால்தான் விளக்குப் பெட்டியைப் பிரிப்பார். அதுவரை அந்த வீட்டார் நடுவீட்டில் ஒரு மணல்மூட்டையோடு குடித்தனம் செய்யவேண்டும். பலருக்கு இது பிடிப்பதில்லை. அவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இந்தப் பழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு நாற்காலி சொல்லித்தந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முடிதிருத்தும் கடையில் கண்ணாடிப் பூவிளக்கு ஒன்றை மாட்டினார். கையால் இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "யானையைக் கட்டலாம்" என்றும் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் பின்மண்டை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பெரிய கண்ணாடி பக்கம் எழுந்து போனார். அவர் எழுந்த நாற்காலியில் விளக்கு வந்து உட்கார்ந்தது. கடைக்காரர் திட்டினார், வாடிக்கையாளர் சிரித்தார், இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தலைமுடி மேல் அந்த மனிதருக்கு இருந்த ஆசையைத் தவிர, அவரைக் காப்பாற்ற அங்கே வேறொன்றும் இருக்கவில்லையே என்று யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்கடுத்த வாரம் மூட்டை பிறந்தது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம். அவர் மாட்டிய விளக்கு ஒன்றுகூட விழுந்ததில்லை. அவருக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த சொத்து அது ஒன்றுதான்.

அந்தச் சொத்துக்கு ஆபத்து வந்தது சொந்த அக்கா வீட்டில்.

அக்கா புருஷன், அதாவது அத்தான், ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துமூன்று வருஷம் கண்காணித்தார். எதை என்று கேட்டால் கோபம் வரும். எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் "பார்வையிட்டேன், திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பார்வையிடுவதற்கு எழுந்து போகவேண்டும் என்ற மூடநம்பிக்கை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு கையெழுத்துப் போட ஒன்றும் வராததால் கை நமைச்சல் எடுத்தது. அப்போதுதான் பழைய அலுவலகத்தில் ஆலோசகர் என்று ஒரு பதவி காலியாக இருப்பதாகத் தெரியவந்தது. அதைக் கொடுக்கக்கூடியவர் தலைமை அதிகாரி. அந்தத் தலைமை அதிகாரி ஒருகாலத்தில் அத்தானுக்குக் கீழே சுற்றறிக்கை டைப் அடித்துக்கொண்டிருந்த பையன். அவரை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாயிற்று. அவர் அண்ணாந்து பார்த்து அசந்துபோகவேண்டும் என்பதற்காக ஒரு சரவிளக்கும் வாங்கியாயிற்று. பதினெட்டுக் கை. கைக்கொரு பல்பு. அதன் கீழே நின்றால் வீடு சிறியதாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை மூட்டை வந்தார். முதலில் விளக்கை எடை போட்டார்.

"பெட்டியில எட்டு கிலோன்னு போட்டிருக்கே மச்சான், அப்புறம் எதுக்கு தராசு?" என்றார் அத்தான்.

"பெட்டியில கண்ணாடித் தொங்கல் சேர்க்காம போட்டிருக்கான் அத்தான். எல்லாம் சேர்த்துப் பதினாலு. அப்ப மூட்டை இருபத்தெட்டு."

"உன் மூட்டையக் கொண்டுபோய் வேற எடத்துல வை. நாளைக்கு சார் வர்றார்."

மூட்டை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்தார். கூடத்தின் ஒரு கோடியில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நடுவை ஒட்டினாற்போல, வீடு கட்டும்போதே கம்பியோடு கம்பியாகக் கட்டித் தளத்தில் வைத்து வார்த்த பழைய கொக்கி ஒன்று வெள்ளையடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

"அதுல மாட்டிடலாம் அத்தான். கல்லு மாதிரி இருக்கும்."

அத்தான் ஒரு நீண்ட அளவுகோலை எடுத்துவந்தார். அலுவலகத்திலிருந்து ஓய்வோடு சேர்ந்து வந்த அளவுகோல். "அந்தக் கொக்கி நடுவுலேர்ந்து ஒன்றரை அடி தள்ளி இருக்கு. நடுன்னா நடு. சார் உள்ள வந்த உடனே கண்ணுல படுற எடம் இதுதான்" என்று பென்சிலால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"ஒன்றரை அடி யார் கண்ணுக்கும் தெரியாது அத்தான்."

"எனக்குத் தெரியும்ல?"

இந்த வழக்கு சனிக்கிழமை முழுவதும் நடந்தது. இடையில் மூன்று முறை தேநீர் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அக்கா தேநீர் கொடுத்ததால் தீர்ப்பு யார் பக்கமும் சாயவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் மூட்டை இறங்கிவந்தார். "சரி, நீங்க சொன்ன எடத்துலயே ஓட்டை போடுறேன். ஆனா நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. மூட்டை சொல்லட்டும்."

மெயினை இறக்கினார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இறக்கிய மெயினை யாராவது ஏற்றுவார்கள், சட்டைப்பையில் யாரும் கைவிடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. மேலே வயரை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். விளக்கு வந்ததும் அதன் கனத்தைச் சங்கிலி தாங்கவேண்டும், வயர் தளர்வாகச் சும்மா கூடவே வரவேண்டும் என்று அளந்து விட்டார். பிறகு பேட்டரியில் ஓடும் மெஷினால் துளை போட்டார். முதலில் வெள்ளைத் தூள் கொட்டியது, அது பூச்சு. பின்னால் சாம்பல் தூள் வந்தது, சரி. ஆனால் கடைசியில் ஒரு விரற்கடை தூரம் மெஷின் மறுப்பே சொல்லாமல் உள்ளே போனது. அவர் நிறுத்தினார்.

"அத்தான், உள்ள ஏதோ மெத்துன்னு இருக்கு. இந்த எடத்துல முன்னாடி ஏதாவது ஓட்டை போட்டீங்களா?"

"இது என் வீடு மச்சான். எனக்குத் தெரியாம ஓட்டை வருமா? ஈசியா போச்சுன்னு சந்தோஷப்படு."

மூட்டைக்குச் சந்தோஷம் வரவில்லை. துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை இறுக்கினார். அது பிடித்துக்கொண்டது. அக்காவிடம் நகப்பூச்சு வாங்கி, போல்ட்டும் தளமும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் போட்டார். சிவப்பு தளத்தோடு ஒட்டி இருக்கும்வரை ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் போல்ட்டின் வெள்ளிநிறம் கோடாகத் தெரிந்தால் அது நழுவுகிறது. மணி பத்துக்கு இருபத்தெட்டுக் கிலோ மூட்டை நடுக்கூடத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழே யாரும் உட்காராமல் இருக்க ஒரு டீப்பாயை இழுத்துப்போட்டு அதன்மேல் பூஜாடியை வைத்தார். ஃபியூஸ் கட்டையை மறுபடி செருகி மெயினை ஏற்றினார்.

"எப்ப எறக்குவே?" என்றார் அத்தான்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு."

"சார் இன்னிக்குப் பன்னண்டு மணிக்கு வர்றார்டா!"

"வரட்டும். இங்க நிக்கவேண்டியது மூட்டைதான், அவர் இல்லியே. டீப்பாய மட்டும் நகர்த்தாதீங்க."

அத்தான் மூட்டையை அவிழ்க்க ஸ்டூலில் ஏறப்போனார். சமையலறை வாசலில் இருந்து அக்கா சொன்னாள்: "தாராளமா அவுருங்க. அவன் போயிடுவான். அப்புறம் வெளக்கும் மாட்டியிருக்காது, மூட்டையும் இருக்காது, உங்க ஃப்ரெண்டு வந்து வெறும் ஓட்டையத்தான் பாக்கணும்."

அத்தான் இறங்கினார். முப்பத்துமூன்று வருஷ அனுபவம் வீண்போகவில்லை. மறைக்க முடியாததை அலங்கரிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். மிச்சமிருந்த பூப்போட்ட திரைச்சீலைத் துணியை எடுத்து மூட்டையைச் சுற்றினார். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி முடிச்சுப் போட்டார். தூரத்தில் நின்று பார்த்துத் தலையாட்டினார். பார்வையிட்டேன், திருப்தி.

பன்னிரண்டு மணிக்குத் தலைமை அதிகாரி வந்தார். கூடவே ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வந்தார். அதிகாரி சிரித்தால் சிரிப்பதும், வியந்தால் வியப்பதும் அவருக்குக் கூடுதல் பொறுப்பு.

"இது என்ன சார் மேல?" என்றார் அதிகாரி, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அத்தான் கண்ணிமைக்கவில்லை. "மனபாரம் குறைக்கிற ஏற்பாடு சார். புதுசு. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆபீஸ்ல எல்லாம் வச்சிருக்காங்களாம். மேல ஒரு பாரம் தொங்குறத பாத்தா, நம்ம தலையில இருக்கிற பாரம் தானா எறங்கிடுமாம்."

"அப்படியா! எனக்கு உள்ள நுழையும்போதே ஏதோ லேசான மாதிரி இருந்துச்சு."

"எனக்கும் சார்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

அந்த நேரத்தில் மூட்டை சமையலறையில் அக்கா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பேசிச் சிரிக்கிறாங்க, நல்லாத்தான் போகுது" என்று அக்கா சொன்னாள். அவர் கடைசிக் கவளத்தை விழுங்கிக் கைகழுவிக்கொண்டு கூடத்தை எட்டிப்பார்த்தார். டீப்பாய் சுவரோரம் போயிருந்தது. அது இருந்த இடத்தில், பென்சில் பெருக்கல் குறியின் மேல், கைவைத்த பெரிய நாற்காலி. நாற்காலியில் தலைமை அதிகாரி. கையில் பழச்சாறு. தலைக்குமேல் மூன்றடி உயரத்தில் இருபத்தெட்டுக் கிலோ.

மூட்டையின் கண் இன்னும் மேலே போனது. தளத்துக்கும் சிவப்பு வளையத்துக்கும் நடுவில் மெல்லிய வெள்ளிக்கோடு.

"சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. ஃபேன் காத்து நல்லா வரும்."

"இங்கயே நல்லா வருதே."

"இவர் என் மச்சினன் சார். கையில வேலை உண்டு, வாயில கொஞ்சம் கம்மி" என்று சிரித்தார் அத்தான்.

மூட்டை மரியாதையை ஒதுக்கிவைத்தார். "சார், மேல மூட்டை எறங்குது. எந்திரிங்க."

"பாத்தீங்களா!" அத்தான் தொடையில் தட்டினார். "எறங்கும்னு சொன்னேன்ல சார்? அதுதான் இதோட விசேஷமே."

"எறங்கட்டும், எறங்கட்டும்" என்றார் அதிகாரி, நன்றாகச் சாய்ந்துகொண்டு. "நான் ஆபீஸ்ல இதவிடப் பெரிய பாரத்துக்குக் கீழ உக்காந்திருக்கேன்."

ஸ்டோர்ஸ்காரர் சிரித்தார். வெள்ளிக்கோடு இப்போது ஒரு நாணயத்தின் கனத்துக்கு வந்திருந்தது. அதிகாரியின் தோளில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள் விழுந்தது. அவர் அதைப் பொடுகு என்று நினைத்து ரகசியமாகத் தட்டிவிட்டார்.

மூட்டைக்கு அந்த முடிதிருத்தும் கடை ஞாபகம் வந்தது. கையைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் ஒரு அதிகாரி என்ன செய்வார்? நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். முப்பது வருஷமாக அவர் கற்ற வித்தை அது ஒன்றுதான். விளக்கலாம். விளக்கினால் அத்தான் மறுவிளக்கம் தருவார், இரண்டையும் கேட்டு முடிவெடுக்க அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் இருபத்தேழு வருஷத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் போய்வந்த மனிதர் அவர். சொல்லாமலே எல்லோரையும் எழுப்பக்கூடிய காரியம் ஒன்று உண்டென்று அவருக்குத் தெரியும். வாசல் பக்கம் நாலே எட்டு. மெயினை இறக்கினார்.

ஃபேன் முனகிக்கொண்டே நின்றது.

"அட, கரண்ட் போச்சே!" என்றார் அத்தான்.

"நமக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே தலைமை அதிகாரி எழுந்தார். அவர் மட்டுமா, எல்லோரும்தான். பாரம், பதவி, பழச்சாறு எல்லாம் அப்படியே கிடக்க மூன்று பேரும் பால்கனிக்கு ஓடினார்கள். கரண்ட் போனால் எதிர்வீட்டுக்கும் போயிருக்கிறதா என்று பார்க்காமல் மனிதனால் இருக்க முடியாது. போயிருந்தால் ஒரு நிம்மதி.

"எதிர்வீட்டுல ஃபேன் சுத்துது!" என்று அத்தானின் குரல் துக்கமாக வந்தது.

"பக்கத்து வீட்டுல?"

"அங்கயும் சுத்துது சார்!"

அக்கா தட்டில் பலகாரத்தோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மூட்டை உள்ளங்கையைக் காட்டினார். "அங்கயே நில்லுக்கா." அவள் நின்றாள். அவருடைய இன்னொரு கை ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போடுவதைப் பார்த்தபடியே நின்றாள்.

அப்போது மூட்டை விழுந்தது.

கைவைத்த நாற்காலிக்கு அதற்குப் பிறகு கையும் இல்லை, காலும் இல்லை. மூட்டையின் தையல் மட்டும் பிரியவில்லை. அதோடு கூடவே சிமெண்டு உருண்டை ஒன்று, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, போல்ட்டைக் கவ்விக்கொண்டே கீழே வந்திருந்தது. மேலே தளத்தில் ஒரு குழி. குழியிலிருந்து கசங்கிய தாள்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இறங்கிக்கொண்டிருந்தன.

பால்கனியிலிருந்து மூவரும் திரும்பி வந்தார்கள். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி, தொங்குற நாற்காலி போட்டு அதுல ஆடிக்கிட்டே பேப்பர் படிக்கணும்னு ஒரு ஆளக் கூட்டிவந்து குடைஞ்சீங்களே. அப்புறம் தலை சுத்துதுன்னு வேண்டாம்னீங்களே. அந்த ஓட்டைதான் இது."

"அதான் பெயிண்டரை வச்சு மூடச் சொல்லிட்டேனே" என்றார் அத்தான்.

"எத வச்சு மூடுனான்னு பாத்தீங்களா?"

"வேலை முடிஞ்சுதுன்னான். சரின்னேன்."

தலைமை அதிகாரி குனிந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அவர் முகம் மாறியது. "சார், இது நான் டைப் அடிச்ச சுற்றறிக்கை!" என்றார். உரக்கப் படித்தார்: "'அலுவலகத்தில் சேரும் பழைய தாள்களை எவரும் வீணாக்கலாகாது. அவற்றை ஏதேனும் ஒரு நற்பயனுக்கு உட்படுத்த வேண்டும்.' கீழ உங்க கையெழுத்து."

அத்தான் காலடியில் கிடந்த தாள்களைப் பார்த்தார். வீட்டில் குவிந்துகிடந்த பழைய ஆபீஸ் தாள்களைப் பெயிண்டரிடம் தூக்கிக்கொடுத்தது அவர்தான். அவன் குழியில் அவற்றைத் திணித்து, மேலே சிமெண்டு அப்பி, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"சொன்னதோட நிக்காம செஞ்சும் காட்டியிருக்கீங்க!" என்றார் அதிகாரி. குரல் தழுதழுத்தது. "இந்தக் காலத்துல யார் சார் தன் சுற்றறிக்கையத் தானே மதிக்கிறாங்க?"

"யாரும் இல்ல சார்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

சாப்பாடு பேச்சும் சிரிப்புமாக நடந்தது, வேறு அறையில், தரையில் உட்கார்ந்து. அதிகாரி புறப்படும்போது உடைந்த நாற்காலியை ஒருமுறை பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "நல்ல நேரத்துல கரண்ட் போச்சு சார். இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல. கரண்ட் ஆபீஸ்காரங்களை இனிமே திட்டவே மாட்டேன்." ஸ்டோர்ஸ்காரரும் திட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். படியிறங்கும்போது ஆலோசகர் பதவியும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பழைய தாள்களை நற்பயனுக்கு உட்படுத்துவது குறித்த ஆலோசனை.

அவர்களை வழியனுப்ப அத்தான் கீழே போனதும் அக்கா தம்பியின் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"குடு."

"என்னது?"

"சட்டைப்பையில இருக்கிறது. மாவு அரைக்கணும்."

அவர் ஃபியூஸ் கட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்த ஆள் உக்காந்திருந்த எடத்துலதான் நான் தெனமும் காய் நறுக்குறேன்" என்றாள். பிறகு தானே போய்ச் செருகி மெயினை ஏற்றினாள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று தெருவிலிருந்து அத்தானின் குரல் கேட்டது.

அன்று சாயங்காலமே மணல்மூட்டை, தளத்தோடு வார்த்த பழைய கொக்கியில் ஏறியது. அத்தான் அளவுகோலை எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது அந்தக் கொக்கியைச் சுற்றிப் போட்டிருந்த சிவப்பு வளையம் அசையாமல் இருந்தது. அவர் மெயினை இறக்கி, கட்டையைப் பையில் போட்டு, சங்கிலியை மாட்டி, வயர்களை முறுக்கி மூடி, விளக்கின் உலோக உடம்புக்கு எர்த் கொடுத்து, பதினெட்டுக் கையையும் துடைத்து எரியவிட்டார். அத்தான் வீட்டிலிருந்த சோபா, மேசை, அலமாரி எல்லாவற்றையும் ஒன்றரை அடி நகர்த்தினார். இப்போது விளக்கு சரியாக நடுவில் இருக்கிறது. வருகிறவர்களிடம் அது தானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் என்று சொல்கிறார்.

ஊரில் வேறு மாதிரி பேச்சு பரவியது. மூட்டை மாட்டியது விழுந்துவிட்டதாம், அதுவும் சொந்த அக்கா வீட்டிலாம். சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சாமான் கடைக்காரர் மட்டும் நேராகக் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ மாட்டுனது விழுந்துடுச்சாமே?"

"ஆமாண்ணே. விழுந்துச்சு. விழுறதுக்குத்தான் மாட்டுனேன்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை. ஆங்கர் போல்ட் நாலு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். மேலே அந்தக் குழியை அவர்தான் கம்பி வைத்துக் கான்கிரீட்டால் அடைக்கவேண்டியிருந்தது.

அக்கா விளக்குக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அத்தான் பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு மச்சான், எனக்கு இன்னிவரைக்கும் விளங்கல" என்றார். "அன்னிக்கு எதிர்வீட்டுல மட்டும் எப்படி ஃபேன் சுத்துச்சு?"

"அவங்க வேற லைன் அத்தான்" என்றார் மூட்டை, ஏணியை விரித்துக்கொண்டே.

அக்கா வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.